மாமா என்று கூப்பிடும் மகன்

என் மகன் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது மீசை வைத்துக்கொண்டு, கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறான். இப்போதும் மாமாதான். புதிதாகக் கேட்கிறவர்கள் ஒரு கணம் திகைத்துவிட்டு என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவளே, "நான் மாமான்னு கூப்புடறத கேட்டுக் கேட்டு இவனுக்கும் அதே வந்துடுச்சு" என்று சிரித்து முடித்துவிடுவாள். அது பாதி உண்மை.

மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இவனுக்கு முன்னால் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை இருந்தான். அப்போது நான் மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்தேன். சாயங்காலம் எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கு சைக்கிளில் வந்து வாசலில் ஸ்டாண்டு போடுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்து "ப்பா" என்பான். அவன் பேசிய ஒரே சொல் அதுதான். அம்மா என்றுகூட அவன் சொன்னதில்லை. என் மனைவிக்கு அதில் கோபம். "பத்து மாசம் சொமந்தது நானு, கூப்புடறது அவரையா?" என்று அவன் காதைப் பிடித்துத் திருகுவாள், வலிக்காமல்.

அந்தச் சொல் வந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்கு ஜுரம் வந்தது. பிறகு வலிப்பு. தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் என் இடது தோளில் வாயை வைத்து அதையே சொல்லிக்கொண்டு வந்தான். பஸ் ஏறியபோது சொன்னான். இறங்கியபோது சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதை விட்டுவிட்டேன். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போவேன். ஸ்டாண்டு போட்டால் உள்ளே இருந்து அந்தக் குரல் கேட்டுவிடுமோ என்று பயம். கேட்காமல் போய்விடுமோ என்றும் பயம்.

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது என் மாமியார் மனைவியைக் குறி சொல்லும் ஓர் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை. திரும்பி வந்து, துவைத்த துணியைக் கொடியில் போட்டபடி, என்னைப் பார்க்காமலே என் மனைவி சொன்னாள்:

"மொதல்ல பொறந்தது வாயத் தொறந்து இன்னா சொல்லிச்சுன்னு கேட்டாங்க. அப்பான்னு சொல்லிச்சுன்னேன். அதான்னாங்க. கூப்ட்டுச்சு, அதான் போச்சுன்னாங்க. இது அந்த மாதிரி கூப்புடக் கூடாதாம், மாமா."

வேறொருவனாக இருந்தால் சத்தம் போட்டிருப்பான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே சொல் நான் என்பது ஏற்கெனவே என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அந்த அம்மா அதைத் தொட்டுக் காட்டிவிட்டார், அவ்வளவுதான்.

மகன் பிறந்ததும், முதல் பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கத்தில் செய்வதுபோலச் செய்தார்கள். பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவர் பெற்ற ஐந்தும் நன்றாக இருந்தன. அதனால் அவர்தான் வர வேண்டும் என்றார்கள். குழந்தையை முறத்தில் கிடத்தி, வீட்டுப் பின்னால் குப்பைமேட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். அக்கா அந்தப் பக்கம் தற்செயலாக வருவதுபோல் வந்தார்.

"அடியே! யாரோ குப்பையில புள்ளயப் போட்டுட்டுப் போயிட்டாங்கடி! இன்னா மூக்கும் முழியுமா கீது பாரு!"

"எனக்குக் குடுக்கா," என்றாள் என் மனைவி.

"சும்மாவா? ஒரு மொறம் தவுடு குடு, தர்றேன்."

தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினோம். 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று குழந்தைகளைச் சீண்டாத வீடு இல்லை. எங்கள் வீட்டில் அது நிஜம்.

அக்கா என் பக்கம் திரும்பி, "தோ பாரு தம்பி, இது நான் எடுத்த புள்ள. நீ எனக்குத் தம்பி. அப்போ இதுக்கு நீ இன்னா முறை ஆவுது? மாமா! கணக்கு சரியாப் போச்சா?" என்றார்.

என் மச்சான் விடவில்லை. "ஏன், நைனான்னு கூப்புட சொல்லுங்களேன். அது தெலுங்கு. தேடிகினு வர்றதுக்கு அது இன்னா புரியப் போவுது?"

"ஆங், எமனுக்கு பாஷ தெரியாதுன்னு இவுரு போயி பாத்துட்டு வந்தாரு!" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கட்டுப்பாடு அவனுக்கு மட்டும் இல்லை. நானும் வாயால் 'என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் போனாள். கையெழுத்துப் போடவும் அவளே போனாள். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன். ஊரில் நிறையப் பேர் மகனைத் தம்பி என்பார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பையன்கள் மட்டும் அவனை விடவில்லை. "உங்க வூட்ல மாமாதான் கீறாராமே, உங்கப்பன் எங்கடா?" என்று ஒருவன் கேட்டதற்கு அவன் மூக்கில் ரத்தம் வர அடித்துவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் அவன் அம்மா அவனை உட்கார வைத்து அண்ணனைப் பற்றிச் சொன்னாள். நான் வெளியே கேட்டுக்கொண்டு நின்றேன். முடித்ததும் அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, பம்பரம் ஒண்ணு செதுக்கிக் குடு" என்றான். கொய்யாக் கட்டையில் செதுக்கிக் கொடுத்தேன்.

பிறகு கம்பெனிகள் வந்தன. மில் மூடியதும் ஒரகடத்தில் ஒரு யார்டில் சேர்ந்தேன். சரக்கு அடுக்கும் மரப்பலகை மேடைகளை பேலட் என்பார்கள். உடைந்த பேலட்டுகள் லாரியில் வந்து இறங்கும். ஆணி பிடுங்கி, கட்டை மாற்றி, மறுபடி அடித்துக் கொடுப்பது என் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

போன மழைக்காலத்தில் ஒரு பகல், ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகனின் நம்பர், பேசியது வேறு ஆள்.

"ஹலோ, மாமாங்களா? போன்ல மாமான்னு போட்டிருந்தது. நான் இவரு சூப்பர்வைசர் பேசறேன்."

"சொல்லுங்க."

"ஜுரத்தோட டியூட்டிக்கு வந்திருக்காரு போல. லைன்ல மயங்கி விழுந்துட்டாரு. ஸ்ரீபெரும்புதூர்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். நீங்க அவங்க அப்பா அம்மாக்குக் கொஞ்சம் சொல்லிடுங்க."

"சரிங்க, சொல்லிடறேன்," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவன் அப்பாவிடம் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்கு மதுராந்தகம் போயிருந்தாள். கூப்பிட்டுச் சொன்னேன். "பஸ் ஏறிடறேன். நீ போயி கிட்ட நில்லு மாமா. எதுவும் வாயத் தொறந்து சொல்லிடாத," என்றாள். எதைச் சொல்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் மாடி வராந்தாவின் கடைசியில் கண்ணாடிக் கதவு. வெளியே நர்ஸ் அம்மா ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மகனின் பேரைச் சொன்னேன்.

"நீங்க யாரு அவருக்கு?"

"மாமா."

"அப்பா வரலியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மாவாவது?"

"வந்துகினு கீறாங்க."

"டெங்கு. ரத்தத்துல தட்டணு ரொம்ப இறங்கியிருக்கு. உள்ள ஒருத்தரத்தான் வுடுவோம், அம்மா அப்பா யாராவது வரட்டும். நீங்க அப்படி ஒக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். அங்கே மகனோடு ஆம்புலன்ஸில் வந்த பையன் உட்கார்ந்திருந்தான். தென்காசிப் பக்கத்துப் பையன், ஒரே லைனில் வேலை. ஒரகடத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான்.

"பயப்படாதிய மாமா. தெம்பாத்தான் பேசுதான். அப்பான்னு இருந்தா அவுகளுக்குத் தாக்கல் சொல்லியாச்சா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

"அவனுக்கு அப்பா இருக்காகளா மாமா?" என்றான் மெதுவாக. "இல்ல, கேக்கக் கூடாதுதான். இவன் ரூமுக்கு வாறப்பல்லாம் நாங்க எல்லாவனும் அவனவன் அப்பாவ வைஞ்சிக்கிட்டுக் கெடப்போம். எங்க அப்பா கஞ்சப் பிசினாரி, இன்னொருத்தன் அப்பா குடிகாரப்பயன்னு. இவன் மட்டும் வாயே தொறக்க மாட்டான். எப்பப் பாரு எங்க மாமா, எங்க மாமாதான். அப்பா தவறிட்டாக போலன்னு நாங்களா நெனச்சிக்கிட்டோம்."

"உயிரோட கீறாரு," என்றேன்.

"எங்க இருக்காக?"

கையை எங்கேயோ காட்டினேன். அவன் புரிந்துகொண்டவன் போலத் தலையாட்டி, டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். ஓடிப்போன அப்பா என்று நினைத்திருப்பான்.

அவன் சொன்னதில் எனக்கு வருத்தம் வரவில்லை. செத்ததாகவே இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. எது தேடிக்கொண்டு வருகிறதோ அது அப்பாவைப் பிடித்துத்தான் பிள்ளையிடம் வரும். அப்பா இல்லை என்றால் வழி தெரியாமல் போய்விடும். அப்படி நினைத்துக்கொண்டு சுவரோடு சுவராக, ஆள் இருப்பதே தெரியாதபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. அந்த வராந்தா குளிர்ந்து கிடந்தது. என் இடது தோள் மட்டும் சுட்டது. சட்டைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, ஒரு சின்ன வாய் வைத்த அளவுக்குச் சூடாக இருந்தது. வியர்வைதான். வியர்வை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடிக் கதவு திறந்து நர்ஸ் அம்மா எழுந்து போனார். திரும்பி வந்தவர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"இந்தப் பையனோட அப்பா யாருங்க இங்க?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"டாக்டர் கையெழுத்து கேக்கறாரு, ரத்தம் ஏத்தணும். எங்க அப்பா வெளிலதான் நிக்கிறாருன்னு பையன் சொல்லிகினே கீறான். யாரும் இல்லப்பான்னா, இல்ல, இருப்பாரு, போயி பாருங்கங்கறான். ஜுரத்துல ஒளர்றானா இன்னான்னு தெரியல."

சொல்லிவிட்டான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. எனக்குக் காது அடைத்துப்போனது. இனி மறைந்து உட்கார்ந்து பயன் இல்லை. தேடி வந்தது கேட்டிருக்கும். எழுந்து நின்றேன்.

"நான்தாம்மா."

"இன்னா நீங்கதான்?"

"அப்பா."

"அப்போ மாமான்னு சொன்னீங்க?"

"மாமாதான். அப்பாவும் நான்தான்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நர்ஸ் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா ஐயா, இவ்ளோ நேரமா வெளையாடிகினு கீறீங்களா? அங்க புள்ள கெடக்குது, இங்க முறை மாத்திச் சொல்லிகினு!" டீயோடு வந்த தென்காசிப் பையன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். நான் யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே, மகன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். உதடு வெடித்திருந்தது.

"இன்னா மாமா, இவ்ளோ நேரம்?"

"அவங்ககிட்ட இன்னா சொன்ன நீ?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"மாமான்னு சொல்றதுதான?"

"மாமான்னா உள்ள வுட மாட்டாங்க மாமா," என்றான். அதற்குள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் கால்மாட்டில் நின்றேன். கையைத் தொடலாமா என்று தெரியவில்லை. பெரியவனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனவன் நான். தொடாமலே நின்றேன்.

மழையில் பஸ் மாறி மாறி மனைவி வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னைக் கதவோரமாக இழுத்துப் போய்க் கேட்டாள்.

"உன்னப் பாத்து சொன்னானா, அந்த நர்சம்மாகிட்ட சொன்னானா?"

"நர்சம்மாகிட்ட."

"நீ அப்போ உள்ள இல்லயில்ல?"

"இல்ல."

"அப்போ உன்னக் கூப்ட்டதா ஆவாது. உன்னப் பத்தி சொல்லியிருக்கான், அவ்ளோதான். கூப்புடறது வேற, சொல்றது வேற."

"ஆமா. வேறதான்," என்றேன்.

அடுத்து வந்த நாட்களில் அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நாங்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தோம். ஜுரம் இறங்கியது. மனைவி சந்தோஷப்பட்டாள். டாக்டர், "ஜுரம் இறங்கும்போதுதான் ஜாக்கிரதையா இருக்கணும், இந்த நோய் அப்படித்தான்" என்றார். தேடி வந்தது, போய்விட்டதுபோல் போக்குக் காட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுவேன். என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாதே என்று. "இன்னா மாமா, நான் தண்ணி கேக்கறதுக்குள்ள ஓடற?" என்று அவன் சிரித்தான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டணு ஏறியது. இட்லி சாப்பிட்டான், ரசம் உப்பில்லை என்று சண்டை போட்டான். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இவன் அந்தச் சொல்லைச் சொல்லியும் பிழைத்தான் என்றால், பெரியவன் எதனால் போனான்? வெறும் ஜுரத்தால்தான் போயிருக்கிறான். அப்படியென்றால், அவனுக்குத் தெரிந்திருந்த ஒரே சொல்லை, அவன் ஆசையாகக் கூப்பிட்டதை, இத்தனை வருஷமாக அவன்மேலேயே குற்றமாகப் போட்டு வீட்டுக்குள் வரவிடாமல் வைத்திருந்தோம். அதை மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்படியெல்லாம் நெனைக்காத மாமா. கூப்புடறது வேற, சொல்றது வேற," என்றாள் மறுபடியும். முறம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

ஒரு மத்தியானம் மகனே கேட்டான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இனிமே உன்ன எப்படி கூப்புடறது?"

"உன் இஷ்டம்," என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். உதடு சேர்ந்தது, பிரிந்தது. முகம் சிவந்துபோய்ச் சிரித்துவிட்டான். "வரல மாமா. வேற யாரையோ கூப்புடற மாதிரி கீது."

"வுடு," என்றேன். வேண்டியதைவிட வேகமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் நாள் காலை, கம்பெனி பஸ் நிற்கும் இடம் வரை கூடப் போனேன். பஸ் வந்தது. தென்காசிப் பையன் அவனுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தான். மகன் ஏறி உட்கார்ந்து, "வரேன் மாமா" என்றான். அந்தப் பையன் அவனைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான்.

"அப்பா! வணக்கம்ப்பா! எங்ககிட்டயே மாமான்னு சொல்லி ஏமாத்துனிய பாத்தியளா? இனிமே நாங்க எல்லாரும் அப்பான்னுதான் கூப்பிடுவோம்!"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து, என் முகத்துக்கு நேராக, வாய் நிறையக் கூப்பிட்டிருந்தான். பஸ் போய்விட்டது. நான் சுற்றிலும் பார்த்தேன். டீக்கடைக்காரர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கன்டெய்னர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

அன்றைக்கு யார்டில் அடித்த ஆணியெல்லாம் வளைந்தது. அந்தப் பையனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மழையில் நனைந்துதான் அறைக்குப் போவான். கொசுவலை இருக்கிறதோ இல்லையோ. கூப்பிட்டது மகன் இல்லையே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கூப்பிடுவது வேறு, சொல்வது வேறு என்று நாங்களே கண்டுபிடித்த சட்டத்தில் அவன் நன்றாக மாட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குப் போய் நின்றேன். மகன் இறங்கினான்.

"இன்னா மாமா, இங்க நிக்கிற?"

"அந்தப் பையன் எங்க?"

"உள்ள தூங்கறான். ஏன்?"

நான் ஜன்னலருகே போனேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் திறந்து, அசையாமல் கிடந்தான். கண்ணாடியைத் தட்டினேன். எழவில்லை. பலமாகத் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்து கண்ணாடியைத் தள்ளினான்.

"என்னப்பா? என்ன விசயம்?"

"ஒண்ணும் இல்ல. ஒடம்பு நல்லா கீதா?"

"நல்லாருக்கே. ஏன்ப்பா?"

"சாப்ட்டியா?"

"இனிமேத்தான்."

"சரி, தூங்கு."

டிரைவர் ஹாரன் அடித்தார். மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தப் பையனின் அப்பா தென்காசிப் பக்கத்தில் வயலும் மாடுமாக நன்றாக இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு இதை எப்படிச் சொல்வது? அதனால் அவர்கள் ஷிப்ட் விடும் நாட்களில், மகனைக் கூட்டிவரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்தப் பையன் முகம் ஜன்னலில் தெரிகிறதா என்று பார்க்க நான் போய் நிற்கிறேன்.